நுரையீரல் புற்றுநோய்த் தடுப்பூசி ட்ரையலில் சேர்வது: மலையகக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளைப் பக்கம் ஒரு வீட்டில் நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்ததும், யாராவது ஒருவர் போனில் ஒரு செய்தியைக் காட்டுவார்: “புற்றுநோய்க்குத் தடுப்பூசி வந்துவிட்டது.” அதன் பிறகு எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ட்ரையலை, அதாவது புதிய மருந்தை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் ஆய்வை, தேடிக் கண்டுபிடிப்பதை விட, பயொப்சி பிளாக் (கட்டியிலிருந்து எடுத்து மெழுகில் பதித்த துண்டு), சரியான ரிப்போர்ட்டுகள், எந்த நேரத்தில் கேட்கிறோம் என்பது ஆகிய மூன்றும்தான் ஒருவர் சேர முடியுமா என்பதைத் தீர்மானிக்கின்றன. அதனால் அவற்றைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறோம்.

இந்த ஊசி போட்டால் நுரையீரல் புற்றுநோய் வராமல் இருக்குமா?

இல்லை. இப்போது நோயாளிகளிடம் பரிசோதிக்கப்படுபவை, ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கான ஊசிகள். கட்டியை அடையாளம் கண்டு தாக்கும்படி உடலின் எதிர்ப்புச் சக்தியைப் பழக்குவதே அவற்றின் வேலை. பெரும்பாலும் தனியாகக் கொடுப்பதில்லை. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகோ, கீமோவுக்குப் பிறகோ, பெம்ப்ரொலிசுமாப், செமிப்லிமாப் போன்ற இம்யூனோதெரபி (எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும்) மருந்துகளோடு சேர்த்தோ கொடுப்பார்கள். நோய் இல்லாதவர்களுக்கு வராமல் தடுக்கும் ஊசி ஒன்றை (லங்வக்ஸ்) ஒக்ஸ்ஃபோர்ட், லண்டன் ஆய்வாளர்கள் தயாரித்து வருகிறார்கள். அது வேறு கதை. நோய் வந்தவருக்கு அது உதவாது.

எந்தெந்த ஊசிகளைப் பற்றிப் பேசுகிறார்கள்?

செய்திகளில் அதிகம் அடிபடுபவை மூன்று.

முதலாவது பிஎன்டி116. ஜெர்மனியின் பயோஎன்டெக் நிறுவனத்தின் எம்ஆர்என்ஏ ஊசி. நுரையீரல் புற்றுநோய்க் கலங்களில் அடிக்கடி காணப்படும் 6 அடையாளங்களை உடலுக்குக் காட்டுகிறது. முதற்கட்ட ட்ரையலின் பதிவு எண் என்சிடி05142189. பிரித்தானியா, அமெரிக்கா, ஜெர்மனி, ஹங்கேரி, போலந்து, ஸ்பெயின், துருக்கி ஆகிய 7 நாடுகளில் 34 மையங்கள். 2024 ஆகஸ்டில் லண்டனில் முதல் நோயாளிக்கு 5 நிமிட இடைவெளியில் 6 ஊசிகள், மொத்தம் அரை மணித்தியாலத்தில் போடப்பட்டன. அந்த அட்டவணை 6 வாரங்களுக்கு வாரம் ஒருமுறை, பிறகு 54 வாரங்களுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று நீள்கிறது. வெளிநாடு போகலாமா என்று யோசிப்பவர்கள் இந்த எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது மொடேர்னாவும் மெர்க்கும் சேர்ந்து செய்யும் வி940. ஒவ்வொரு நோயாளியின் கட்டியிலும் உள்ள மரபணு மாற்றங்களைப் படித்து, அதிகபட்சம் 34 அடையாளங்களோடு அவருக்கென்றே தயாரிக்கப்படும் ஊசி. அறுவைச் சிகிச்சை முடிந்த, நோய் 2ஆம் கட்டத்திலிருந்து 3பி கட்டம் வரை உள்ளவர்களுக்கான மூன்றாம் கட்ட ட்ரையல் 2023 டிசம்பரில் தொடங்கியது. பதிவு எண் என்சிடி06077760. மூன்று வாரத்துக்கு ஒன்று என அதிகபட்சம் 9 ஊசி.

மூன்றாவது கியூபாவின் சிமாவக்ஸ். அதற்குத் தனியாகப் பதில் தேவை.

கியூபா ஊசியை வாங்கி வரலாம் என்கிறார்களே?

சிமாவக்ஸ் உண்மையான மருந்துதான். ஹவானாவின் மூலக்கூற்று நோயெதிர்ப்பியல் மையம் உருவாக்கியது. கியூபாவில் 2008இல் பதிவானது. கட்டி வளர உதவும் இஜிஎஃப் என்ற புரதத்துக்கு எதிராக உடலே எதிர்ப்பொருள் உண்டாக்கும்படி செய்கிறது. முதலில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நான்கு தடவை, பிறகு மாதம் ஒருமுறை. ஒவ்வொரு தடவையும் இரு தோள்களிலும் இரு பிட்டங்களிலுமாக நான்கு இடங்களில் ஊசி. கீமோ முடித்து நோய் அடங்கியிருப்பவர்களுக்கே கொடுக்கப்பட்டது. கியூபாவில் 405 பேரிடம் நடந்த மூன்றாம் கட்ட ஆய்வில், முதல் நான்கு தடவையையும் முழுமையாகப் பெற்றவர்களின் நடுத்தர ஆயுள் (பாதிப் பேராவது உயிரோடிருந்த காலம்) 12.43 மாதம், ஊசி பெறாதவர்களுக்கு 9.43 மாதம். மூன்று மாத வித்தியாசம். அதைக் குறைத்துச் சொல்லவும் மாட்டோம், குணமாக்கும் என்று சொல்லவும் மாட்டோம்.

அங்கே போய்ப் பணம் கட்டிப் போட்டுக்கொள்வது ட்ரையல் அல்ல, விலைக்கு வாங்கும் சிகிச்சை. மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் வைத்துக் கொண்டுவர வேண்டும். வழியில் உறைந்தாலும் சூடானாலும் வீண். இங்கே அதைப் போட்டுக் கவனிக்க ஒரு புற்றுநோய் வைத்தியர் சம்மதிக்க வேண்டும், இறக்குமதிக்கு தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதியும் வேண்டும். இவை எதுவும் கையில் இல்லாமல் நகையை அடகு வைக்காதீர்கள்.

ட்ரையல் என்றால் இருப்பதிலேயே நல்ல மருந்து கிடைக்கும் என்று அர்த்தமா?

நல்லதா என்று கண்டுபிடிக்கத்தான் ட்ரையலே நடக்கிறது. மேஜ்-ஏ3 என்ற ஊசிக்காக 13,800க்கும் மேற்பட்டோர் பரிசோதிக்கப்பட்டு, அவர்களில் சுமார் 2,300 பேர் சேர்க்கப்பட்டார்கள். நோய் திரும்பி வருவதை அது தடுக்கவில்லை என்று தெரிந்து 2014இல் கைவிடப்பட்டது. டெசெமொடைட் என்ற ஊசியும் 1,500க்கும் மேற்பட்டோரிடம் நடந்த மூன்றாம் கட்டத்தில் இலக்கை எட்டவில்லை. இரண்டுமே முந்தைய சிறிய ஆய்வுகளில் நம்பிக்கை தந்தவை.

முதற்கட்டத்தில் பார்ப்பது பாதுகாப்பையும் அளவையும். இரண்டாம் கட்டத்தில் கட்டி அடங்குகிறதா என்று பார்ப்பார்கள். மூன்றாம் கட்டத்தில் வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிடுவார்கள். உங்களிடம் சொல்லப்படுவது எந்தக் கட்டம் என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

இலங்கையில் நடக்கும் ட்ரையலை எப்படித் தேடுவது?

இலங்கை மருத்துவ ஆய்வுப் பதிவேடு 2006 முதல் இருக்கிறது. இலங்கை மருத்துவச் சங்கம் நடத்துகிறது. இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். உலகெங்கும் உள்ளவற்றுக்கு அமெரிக்காவின் ‘கிளினிக்கல் ட்ரையல்ஸ் டொட் கவ்’, இந்தியாவுக்கு ‘சிடிஆர்ஐ’. மூன்றும் ஆங்கிலத்தில்தான். உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும்: நோயின் பெயரையும் ‘வக்சின்’ என்ற சொல்லையும் போட்டுத் தேடி, நாட்டைத் தெரிவு செய்யுங்கள். ‘ரிக்ரூட்டிங்’ என்று இருந்தால் ஆட்களைச் சேர்க்கிறார்கள். ‘அக்டிவ், நொட் ரிக்ரூட்டிங்’ என்றால் ஆய்வு நடக்கிறது, சேர்க்கை முடிந்துவிட்டது. செய்தியில் வந்த ட்ரையல்களில் பல, செய்தி நம் கைக்கு வரும்போதே இந்த இரண்டாவது நிலையில் இருக்கும்.

பதிவெண்ணைக் குறித்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். “ஏதோ ஊசி வந்திருக்கிறதாமே டொக்டர்” என்று கேட்பதற்கும், ஒரு எண்ணைக் காட்டி “இதில் அம்மா சேர முடியுமா?” என்று கேட்பதற்கும் கிடைக்கும் பதில் வேறாக இருக்கும்.

சேர முடியுமா என்று பார்க்க எங்களிடம் என்ன விவரம் இருக்க வேண்டும்?

ஐந்து விவரம். ஒன்று, நோயின் வகை: சிறுகலமல்லாத வகையா (சுமார் 85 வீதம்), சிறுகல வகையா. தடுப்பூசி ட்ரையல்கள் பெரும்பாலும் முதல் வகைக்குத்தான். இரண்டு, நோயின் கட்டம், அதாவது எவ்வளவு பரவியிருக்கிறது என்பது. மூன்று, கட்டியின் இஜிஎஃப்ஆர், ஏஎல்கே என்ற மரபணுக்களில் மாற்றம் உண்டா என்ற சோதனையின் முடிவு. நான்கு, பிடி-எல்1 (கட்டிக் கலங்களில் காணப்படும் ஒரு புரதம்) வீதம். ஐந்து, நோயாளியின் இயங்கு நிலை, அதாவது ‘ஈகொக்’ எண்.

மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். புகைபிடிக்காத ஆசியப் பெண்களின் நுரையீரல் புற்றுநோயில் இஜிஎஃப்ஆர் மாற்றம் அதிகம் காணப்படுகிறது. வாழ்நாளில் ஒரு பீடி கூடத் தொடாத அம்மாவுக்கு இந்த நோய் வந்திருந்தால், இந்தச் சோதனையை வற்புறுத்திக் கேளுங்கள். மாற்றம் இருந்தால் பல இம்யூனோதெரபி, தடுப்பூசி ட்ரையல்களில் சேர்க்க மாட்டார்கள். ஆனால் அவருக்கு ஜெஃபிடினிப், ஒசிமெர்டினிப் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. அது ட்ரையலை விட உறுதியான வழி. ட்ரையலுக்காகச் செய்த ஒரு சோதனை நல்ல சிகிச்சையைக் காட்டிக்கொடுத்தால் அதுவே பெரிய லாபம்.

ஐந்தாவதில்தான் குடும்பங்களே தெரியாமல் வாய்ப்பைக் கெடுத்துக்கொள்கின்றன. பெரும்பாலான ட்ரையல்கள் ஈகொக் 0 அல்லது 1 கேட்கும். 0 என்றால் வழக்கம்போல எல்லாம் செய்கிறார். 1 என்றால் கடினமான வேலை முடியாது, ஆனால் நடக்கிறார், இலேசான வேலை செய்கிறார். 2 என்றால் தன்னைத் தானே கவனித்துக்கொள்வார், வேலை முடியாது. கொழுந்து எடுக்கப் போகாமல் நின்றுவிட்ட அம்மா வீட்டில் சோறு ஆக்கி, பீலியடிக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வருகிறார் என்றால் அவர் 1. கிளினிக்கில் பிள்ளைகள் பதற்றத்தில் “அம்மாவால் ஒன்றுமே முடியவில்லை” என்று சொன்னால் 2 அல்லது 3 என்று எழுதப்படும். கூட்டியும் சொல்லாதீர்கள், குறைத்தும் சொல்லாதீர்கள். காலையிலிருந்து இரவு வரை என்ன செய்கிறார் என்று மட்டும் சொல்லுங்கள், எண்ணை வைத்தியர் போடட்டும்.

பயொப்சி பிளாக் என்பது என்ன? ஏன் அதையே சொல்கிறீர்கள்?

கட்டியிலிருந்து எடுத்த துண்டை ஃபோர்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து வைக்கும் சிறிய மெழுகுத் துண்டுதான் பிளாக். அதிலிருந்து மெல்லிய சீவல் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டினால் அது ஸ்லைட். பிடி-எல்1, மரபணுச் சோதனை, ஆளுக்கென்று தயாரிக்கும் ஊசி எல்லாமே இந்தத் திசுவிலிருந்துதான். திசு இல்லையென்றால் பல ட்ரையல்களின் கதவு அங்கேயே மூடிவிடும்.

கெட்டுப்போகும் இடங்கள் இவை. ஊசியால் உறிஞ்சி எடுத்த கலங்கள் மட்டும் இருந்தால் பெரும்பாலும் போதாது. தடித்த ஊசியால் எடுத்த துண்டு வேண்டும். துண்டு ஃபோர்மலினில் 6 மணித்தியாலத்துக்குக் குறைவாகவோ 72 மணித்தியாலத்துக்கு மேலாகவோ கிடந்தால் சோதனை முடிவு நம்பகமற்றதாகும். நீண்ட வார இறுதியில் எடுத்த மாதிரிகளுக்கு இது நடக்கும், ஆகவே வெள்ளிக்கிழமை பயொப்சி என்றால் ஆய்வுகூடத்துக்கு எப்போது போகும் என்று கேளுங்கள். நோயைக் கண்டுபிடிக்கவே பல சாயச் சோதனைகள் செய்து பிளாக்கைத் தீர்த்துவிடுவதும் உண்டு. பயொப்சிக்கு முன்பே “மரபணுச் சோதனைக்கும் சேர்த்து எடுப்பீர்களா?” என்று கேட்டால், அதே தடவையில் கூடுதலாக இரண்டு மூன்று துண்டுகள் எடுக்க முடியும்.

பிளாக் வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் இருக்கும். வேறிடம் கொண்டுபோக வேண்டுமானால் கிளினிக் வைத்தியரிடம் கடிதம் வாங்கி, ஆய்வுகூடத்தில் கையொப்பமிட்டுப் பெற வேண்டும். ரிப்போர்ட்டில் உள்ள இலக்கமும் பிளாக்கில் எழுதியுள்ள இலக்கமும் ஒன்றா என்று அங்கேயே பாருங்கள். கொழும்புக்குக் கொண்டுபோகும்போது கடினமான சிறு பெட்டியில் பஞ்சு வைத்து, கையில் உள்ள பையில் வையுங்கள். வெயிலில் நிற்கும் வானின் முன்கண்ணாடி ஓரத்தில் வைத்தால் மெழுகு இளகும். வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு நீங்களாக அனுப்ப வேண்டாம்; ட்ரையலுக்காக அனுப்புவதென்றால் அதற்கென ஒப்பந்தமும் நெறிமுறைக் குழு (ஆய்வு நோயாளிக்கு நியாயமானதா என்று பார்க்கும் குழு) அனுமதியும் இருக்க வேண்டும், அது ஆய்வுக் குழுவின் பொறுப்பு.

ட்ரையல் கிடைக்கும் வரை கீமோவைத் தள்ளிப் போடலாமா?

வேண்டாம். இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் முதல் கீமோவுக்கு முன்பே ட்ரையலைப் பற்றிக் கேட்டுவிடுங்கள். சில ட்ரையல்கள் இன்னும் எந்தச் சிகிச்சையும் தொடங்காதவர்களை மட்டும் எடுக்கும். அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தையவற்றில், அறுவை முடிந்து குறிப்பிட்ட வாரங்களுக்குள் சேர வேண்டும். கீமோ பெற்றவர்களை எடுப்பவை, கடைசி டோஸுக்குப் பிறகு பெரும்பாலும் மூன்று நான்கு வார இடைவெளி கேட்கும். ஒரு கிழமைக்குள் பதில் கிடைக்காவிட்டால் வைத்தியர் சொன்ன சிகிச்சையைத் தொடங்கிவிடுங்கள்.

அப்பாவுக்கு முன்பு காசநோய் மருந்து கொடுத்தார்கள். அது தடையா?

இருமல் என்றதும் முதலில் காசநோய் என்று பார்ப்பது நம் பக்கம் வழக்கம், அது சரியும்கூட. உடலில் இப்போது காசநோய் இருந்தால் சேர்க்க மாட்டார்கள். இம்யூனோதெரபியின்போது அடங்கிக் கிடக்கும் காசநோய் கிளம்பவும் கூடும். ஆறு மாத மருந்தை முடித்தவர் என்றால் மார்பு நோய் கிளினிக்கின் சிகிச்சை அட்டையும் கடைசிச் சளிச் சோதனை முடிவும் வேண்டும். “முடித்துவிட்டோம்” என்று வாயால் சொல்வது போதாது. அட்டை தொலைந்திருந்தால் சிகிச்சை பெற்ற கிளினிக்கின் பதிவேட்டிலிருந்து கடிதம் கேளுங்கள். இதற்கு நாளாகும், முன்கூட்டியே தொடங்குங்கள்.

வேறு எவை தடையாகும்?

மூளைக்குப் பரவி இன்னும் சிகிச்சை பெறாத கட்டி, முடக்குவாதம் அல்லது லூபஸ் போன்ற, எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்கள், கட்டுப்பாட்டில் இல்லாத ஹெப்படைடிஸ் பி, கர்ப்பம். மூச்சிரைப்புக்கு எழுதிக் கொடுக்கும் ஸ்டீரொயிட் மாத்திரையையும் கவனியுங்கள்: நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் பிரெட்னிசொலோன் எடுப்பவரைப் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள். டெக்ஸமெதசோன் என்றால் அதற்குச் சமமான அளவு வெறும் 1.5 மில்லிகிராம். சேர வேண்டும் என்பதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நாட்பட்டு எடுத்த ஸ்டீரொயிட்டைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

நுவரெலியாவில் ஒட்சிசன் அளவு குறைவாகக் காட்டுகிறது. அதற்காக நிராகரிப்பார்களா?

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரம். இங்கே விரல்கருவி கொழும்பை விடச் சற்றுக் குறைவாகக் காட்டுவது இயல்பு. தவிர, காலைக் குளிரில் விரல் விறைத்திருந்தால் கருவி பிழையாகக் காட்டும். கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, நகப்பூச்சு, மருதாணி இல்லாத விரலில் வைத்து, எண் நிலைத்து நிற்கும் வரை பார்த்துக் குறியுங்கள். எந்த ஊரில் எடுத்தது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். தேர்வுக்கான அளவை ட்ரையல் மையத்திலேயே மீண்டும் எடுப்பார்கள்.

இந்தியாவுக்கோ ஐரோப்பாவுக்கோ போய்ச் சேரலாமா?

சட்டம் எல்லா இடத்திலும் தடுப்பதில்லை, நடைமுறைதான் தடுக்கும். ஒரு வருடத்துக்கு மேல் மூன்று வாரத்துக்கொரு தடவை அங்கே இருக்க வேண்டும். ஆய்வு மருந்து இலவசம் என்றாலும் வழக்கமான சிகிச்சை, ஸ்கேன், தங்குமிடம், கூட வருபவரின் செலவு உங்கள் தலையில் விழலாம். போவதற்கு முன், அந்த மையத்தின் ஆய்வு ஒருங்கிணைப்பாளரிடமிருந்து மூன்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: வெளிநாட்டவரைச் சேர்க்கிறீர்களா, எந்தச் செலவு எங்களுடையது, தேர்வாகாவிட்டால் என்ன ஆகும். ரிப்போர்ட்டுகளை மின்னஞ்சலில் பார்த்து முதற்கட்டப் பதில் சொல்ல மறுக்கும் இடத்துக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம்.

பயொப்சியின்போது நுரையீரலில் காற்று கசிந்திருந்தால் அது முற்றாகச் சரியானது என்று எக்ஸ்ரேயில் தெரியும் வரை விமானம் ஏறக்கூடாது.

என்ன தாள்கள் வேண்டும்?

கிளினிக் கொப்பி, வைத்தியசாலையிலிருந்து வெளியேறும்போது தந்த டயக்னோசிஸ் கார்ட்டுகள் எல்லாம், பயொப்சி ரிப்போர்ட், சிடி ஸ்கேன் ரிப்போர்ட்டோடு அதன் படங்கள் பதிந்த குறுவட்டு, இதுவரை பெற்ற மருந்துகளும் திகதிகளும், அடையாள அட்டை. ஸ்கேன் பிலிமை மட்டும் கொண்டுபோனால் கட்டியை அளக்க முடியாது, வட்டுத்தான் முக்கியம்.

பெயர் விடயம் தோட்டப் பகுதிகளில் பெரிய சிக்கல். பிறப்புச் சான்றிதழில் ‘லெட்சுமி’, அடையாள அட்டையில் ‘லக்ஷ்மி’, கிளினிக் கொப்பியில் தகப்பன் பெயர் முன்னால் பின்னால். ட்ரையலில் இரத்த மாதிரியில் உள்ள பெயரும் தாளில் உள்ள பெயரும் பொருந்தாவிட்டால் அந்த மாதிரியையே ஒதுக்கிவிடுவார்கள். அடுத்த கிளினிக்கிலிருந்தே அடையாள அட்டையில் உள்ளபடி, அதே எழுத்துகளில் பதியச் சொல்லுங்கள். கடவுச்சீட்டு எடுக்க வேண்டியிருந்தால் கண்டிக் கிளை அலுவலகத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

சம்மதப் பத்திரம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால்?

கையொப்பமிடாதீர்கள். புரியும் மொழியில் விளக்கம் பெறுவது உங்கள் உரிமை. தமிழ்ப் பிரதி கேளுங்கள், அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க நேரமும் கேளுங்கள். வாசிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி முன்னால் முழுவதையும் வாசித்துக் காட்ட வேண்டும்; பிறகு நோயாளி கைநாட்டு வைப்பார், சாட்சி கையொப்பமிடுவார். மகனோ மகளோ அம்மாவுக்காகக் கையொப்பமிட முடியாது, அவர் சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடியவராக இருக்கும்போது. நோயின் பெயரை அம்மாவிடம் மறைத்துக்கொண்டு ட்ரையலில் சேர்க்கவும் முடியாது. பல வீடுகளில் இதுதான் தாண்டக் கடினமான இடம். யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்று முதலில் வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

பத்திரத்தில் தேட வேண்டியவை: நெறிமுறைக் குழுவின் பெயரும் அனுமதி எண்ணும், பாதிப்பு ஏற்பட்டால் சிகிச்சையும் நட்டஈடும் யார் தருவது, இரவிலும் எடுக்கும் தொலைபேசி எண்.

வெறும் ஊசியைப் போட்டு ஏமாற்றுவார்களா?

சில ட்ரையல்களில் ஒரு பகுதியினருக்கு மருந்தில்லாத ஊசி போடப்படும். யாருக்கு எது என்று கணினி குலுக்கல் முறையில் தீர்மானிக்கும், வைத்தியருக்கே தெரியாது. அது பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும். ஆனால் இரு பிரிவினருக்கும் நிலையான சிகிச்சை கிடைக்கும். மேலே சொன்ன வி940 ட்ரையலில் எல்லோருக்கும் பெம்ப்ரொலிசுமாப் கொடுக்கப்படுகிறது. வித்தியாசம் கூடச் சேரும் ஊசியில் மட்டும்தான்.

ஊசி போட்டுத் தோட்டத்துக்குத் திரும்பிய பிறகு என்ன கவனிக்க வேண்டும்?

முதல் ஓரிரு நாள் காய்ச்சல், நடுக்கம், உடல்வலி, ஊசி போட்ட இடத்தில் வீக்கம் எதிர்பார்க்கக்கூடியவை. தேர்மோமீற்றர் ஒன்று வீட்டில் கட்டாயம். பெரசிட்டமோல் எவ்வளவு, எப்போது என்று முன்பே எழுதி வாங்குங்கள். கீமோவும் சேர்ந்து பெறுபவருக்கு 38 பாகைக்கு மேல் காய்ச்சல் வந்தால் மாத்திரை கொடுத்துப் பார்த்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இம்யூனோதெரபி சேர்ந்திருந்தால் ஆபத்து வாரங்கள், மாதங்கள் கழித்தும் வரலாம். புதிதாக மூச்சு வாங்குதல், வறட்டு இருமல் கூடுதல், வழக்கத்தை விட நான்கு தடவைக்கு மேல் வயிற்றோட்டம், கண் மஞ்சளாதல், அசாதாரணக் களைப்பு. நுரையீரல் அழற்சியை நோய் முற்றியது என்றோ, மழைக்காலச் சளி என்றோ நினைத்து வீட்டில் வைத்திருப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். ட்ரையல் தரும் அட்டையை அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள். தோட்ட ஆஸ்பத்திரியிலோ டிக்கோயாவிலோ இரவில் பார்க்கும் வைத்தியருக்கு அந்த அட்டைதான் என்ன மருந்து போகிறது என்று சொல்லும்.

வருகைத் திகதிகளுக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் முன்பின் இடம் இருக்கும். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை மூடும் இடத்தில் இருப்பவர்கள் அந்த இடைவெளியின் முதல் நாளையே கேளுங்கள். போக்குவரத்துச் செலவு திருப்பித் தருவார்களா, செக்ரோலில் பெயர் விழாத நாளுக்கு ஏதும் உண்டா என்றும் சேரும்போதே கேளுங்கள். துரைக்குக் கொடுக்க வருகைத் திகதிகள் போட்ட கடிதமும் தரச் சொல்லலாம்.

யாராவது பணம் கேட்டால்?

ஆய்வு ஊசிக்கு நோயாளியிடம் பணம் வாங்கினால் அதைச் சந்தேகியுங்கள். பதிவெண், நெறிமுறைக் குழு அனுமதி, மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அனுமதி ஆகிய மூன்றையும் கேளுங்கள். “இடம் பிடித்துத் தருகிறேன்” என்று முற்பணம் கேட்கும் தரகரிடம் அவற்றில் ஒன்றுகூட இருக்காது.

நாட்டு மருந்தும் சேர்த்துச் சாப்பிடலாமா?

எதுவானாலும் மறைக்காதீர்கள். சில மூலிகைகள் ஈரலைப் பாதிக்கும். இரத்தச் சோதனையில் ஈரல் நொதிகளின் அளவு ஏறினால் ஊசியால் என்று கணக்கிட்டு நிறுத்திவிடுவார்கள். கசாயப் பொட்டலத்தையே எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

இடையில் விலகலாமா?

எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே விலகலாம். வழக்கமான சிகிச்சை அதனால் நிற்காது. சொல்லாமல் நின்றுவிடாமல் ஒருங்கிணைப்பாளருக்கு அழைத்துச் சொல்லுங்கள். கடைசியாக ஒரு பாதுகாப்புச் சோதனைக்குக் கூப்பிடுவார்கள், அதற்குப் போய் வருவது நல்லது. அன்றைக்கே இதுவரை போட்ட ஊசிகள், ஸ்கேன் முடிவுகள் அடங்கிய சுருக்கக் கடிதத்தையும், மிச்சமிருந்தால் பிளாக்கையும் திருப்பிக் கேளுங்கள். கண்டியிலோ பதுளையிலோ மஹரகமவிலோ அடுத்துப் பார்க்கும் புற்றுநோய் வைத்தியர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.